பெயர் கேட்கும் சாளரம்

‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக வைப்பது ஒரு வழி. அந்தக் குறியை இரட்டைக் கொம்பாகவும் துணைக்காலாகவும் உடைத்து, இரண்டு குறியெண்களாக வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டுக்கும் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. உள்ளே, யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப் 8 முறையில், முதலாவதற்கு 6 பைட், இரண்டாவதற்கு 9 பைட்.

1998இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு அமைப்பு, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதை உடைத்துத்தான் வைத்துக்கொள்ளும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். லினக்ஸின் வழக்கமான கோப்பு அமைப்புக்கு எழுத்து என்ற எண்ணமே கிடையாது. அது பைட்டுகளை மட்டும் பார்க்கும். ஆகவே ‘நா. கோவிந்தசாமி’ என்று பெயரிட்ட ஒரு கட்டுரையை அந்தக் காலத்து மேக்கில் எழுதி லினக்ஸ் கணினிக்கு அனுப்பி, அங்கே அதே பெயரில் இன்னொன்றைத் தட்டச்சு செய்து சேமித்தால், ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். கோப்பைத் திறப்பதற்கான சாளரத்தில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எது நேற்று எழுதியது, எது இன்று திருத்தியது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ், பெயரை உடைக்காமல் வைத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டு வடிவங்களையும் ஒரே பெயராக எண்ணுகிறது. லினக்ஸில் அருகருகே வாழ்ந்த இரண்டு கோப்புகளும் அங்கே ஒரே கோப்புறைக்குள் இருக்க முடியாது.

அந்தப் பெயரை வேண்டுமென்றேதான் எடுத்தேன். சிறுகதை எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோரோடு சேர்ந்து தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்தவர். 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் ஆங்கிலம், சீனம், மலாயோடு தமிழும் இடம்பெற்றது. 1997 மே மாதம் அதே பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1998இல் அதே வளாகத்தில் டான் டின் வீயின் குழு, இணையக் களப் பெயர்களை ஆங்கிலமல்லாத எழுத்துகளில் எழுத வழி தேடியது. கணினியில் பெயர்கள் அவரவர் மொழியில் இருக்கலாம் என்று அங்கே இருந்தவர்கள் நம்பினார்கள், அதற்காக உழைத்தார்கள்.

கென்ட் ரிட்ஜில் இருக்கும் அந்த வளாகம், நகரமைப்பு வரைபடத்தில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தைச் சேர்ந்தது. நான் குவீன்ஸ்டவுன்வாசி. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு ஆண்டில் பெயர் பெற்ற இந்தப் பேட்டையைப் பற்றிப் பேசும்போது பழைய அடுக்குமாடி வீடுகள், மார்கரெட் டிரைவின் உணவங்காடி, தங்ளின் ஹால்ட்டின் ரயில் பாதை, ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய முனீஸ்வரன் கோயில் என்று பட்டியல் போடுவார்கள். தமிழ் இணையமும் இந்த வட்டாரத்தில் வளர்ந்தது என்பதை அந்தப் பட்டியலில் சேர்க்க யாரும் நினைப்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

கோவிந்தசாமி 1999 மே மாதம் காலமானார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000இல்தான் யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தன. அதுவரை ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். அனுப்பியவர் எந்த எழுத்துருவில் எழுதினார் என்று தெரியாவிட்டால் கடிதத்தைப் படிக்க முடியாது. அந்தத் துன்பம் இன்று இல்லை. கோப்புக்கு உள்ளே இருக்கும் தமிழ் ஏறக்குறைய எல்லா இடத்திலும் நலமாக இருக்கிறது. கோப்பின் தலைமேல் இருக்கும் தமிழ், அதாவது பெயர், இன்னும் அந்த நலத்தை அடையவில்லை. அது அடிபடும் இடங்களில் முக்கியமானது, எல்லாரும் தினமும் பார்க்கும், யாரும் கவனிக்காத அந்தச் சாளரம்: ‘எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும்?’, ‘என்ன பெயரில் சேமிக்க வேண்டும்?’ என்று கேட்கும் சாளரம்.

அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1984இல் முதல் மெக்கின்டாஷோடு வந்த கோப்புச் சாளரத்தில், நெகிழ்வட்டை வெளியே தள்ளவும் அடுத்த வட்டுக்குத் தாவவும் பொத்தான்கள் இருந்தன. விண்டோஸில் 1992 வரை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கான சாளரத்தைத் தானே வரைந்துகொண்டது. அந்த ஆண்டு வந்த விண்டோஸ் 3.1தான் எல்லாருக்கும் பொதுவான ஒன்றைக் கொடுத்தது. 1995 நவம்பரில், சிங்கப்பூர்க் கவிதைத் தளம் வெளிவந்த அடுத்த மாதம், ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபல், மசின்டர் இருவரும் வலைப்பக்கத்திலிருந்தே கோப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் முறைக்கு வரைவு எழுதினார்கள். இன்று நாம் விண்ணப்பங்களோடு அடையாள அட்டையின் படத்தை இணைப்பது அந்த வரைவின் வழியாகத்தான். லினக்ஸ் உலகம் தாமதமாக வந்தது. படக்கோப்புகளைச் சிறுபடங்களாகக் கட்டத்தில் காட்டும் வசதியைக் கேட்டு ஜிடிகே என்ற கருவித்தொகுப்பிடம் 2004இல் பதிவான கோரிக்கை, 2023 மார்ச்சில் வந்த 4.10ஆம் பதிப்பில்தான் நிறைவேறியது.

ஒரு மென்பொருளை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் எழுதுபவர் இந்தச் சாளரத்திடம் வரும்போது, மூன்று வீட்டுப் பழக்கங்களைக் கற்றாக வேண்டும். விண்டோஸ், கோப்பின் வகையைப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளைக் கொண்டு வடிகட்டும். மேக்குக்கு 2005 முதல் வகைகளுக்கென்றே தனி அடையாளங்கள் உண்டு. லினக்ஸ், இணையத்தில் புழங்கும் உள்ளடக்க வகைப் பெயர்களைக் கேட்கும். ‘சரி’ பொத்தான் விண்டோஸில் ‘ரத்து’க்கு இடப்பக்கம், மேக்கில் வலப்பக்கம். பழைய விண்டோஸ் சாளரத்துக்கு ஒரு விபரீதப் பழக்கம் உண்டு: பயனர் வேறு கோப்புறைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தால், மென்பொருள் நின்றுகொண்டிருந்த கோப்புறையையே மாற்றிவிடும். அதுவரை சரியாக ஓடியது அதன்பின் தன் சொந்தத் துணைக்கோப்புகளைக் காணாமல் திணறும். 2015இல் வந்த மேக் பதிப்பில் திறப்புச் சாளரத்தின் தலைப்பு வரி காணாமல் போனது. ‘பழைய பிரதியைத் தேர்ந்தெடுக்கவும்’, ‘புதிய பிரதியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று தலைப்பில் எழுதி அடுத்தடுத்து இரண்டு சாளரங்களைக் காட்டிய மென்பொருள்களில், மேக் பயனர் முன்னால் ஒரே மாதிரியான இரண்டு சாளரங்கள் எந்தச் சொல்லும் இல்லாமல் வந்து நின்றன.

இந்தச் சிக்கல்களைப் பார்த்துச் சலித்துப்போகும் நிரலாளர் ஒரு முடிவுக்கு வருகிறார்: மூன்று தளங்களிலும் ஒரே மாதிரி தெரியும்படி நானே ஒரு சாளரத்தை வரைந்துவிடுகிறேன். 1998இல் ஜாவா 1.2உடன் வந்த ஸ்விங் தொகுப்பு அப்படி ஒன்றைத் தந்தது. இயங்குதளத்தின் சொந்தச் சாளரத்தை அழைக்கும் பழைய வழியும் ஜாவாவில் இருந்தது. ஆனாலும் பலர் வரைந்ததையே விரும்பினார்கள். நிரலாளருக்கு அது நிம்மதி. சோதிக்க ஒரே சாளரம், விளக்கக் குறிப்புக்கு ஒரே படம்.

இந்த முடிவு தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரே மனிதர் ஒரே நாளில் மூன்று இயங்குதளங்களில் ஒரே மென்பொருளைத் திறப்பது அரிது. ஒரே மனிதர் ஒரே கணினியில் பத்து மென்பொருள்களைத் திறப்பது அன்றாடம். அவருடைய கை ஒரு சாளரத்துக்குப் பழகியிருக்கிறது. இடப்பக்கம் தமக்கு வேண்டிய கோப்புறைகளை அடுக்கியிருக்கிறார். பார்வை குறைந்தவராக இருந்தால் திரைவாசிப்பான் அந்தச் சாளரத்தை அவருக்குப் படித்துக் காட்டுகிறது. பத்தில் ஒன்று மட்டும் அந்நியமான ஒரு சாளரத்தை நீட்டும்போது அவர் தடுமாறுகிறார், தடுமாற்றத்துக்குத் தம்மையே குறை சொல்லிக்கொள்கிறார். எல்லாத் தளத்திலும் சரியாக இயங்குவது என்றால், ஒவ்வொரு தளத்திலும் அங்கே இருப்பவருக்குப் பழகியபடி இயங்குவது என்றே பொருள்கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. இன்று அந்தச் சாளரம் வசதி மட்டும் அல்ல, அனுமதியும்கூட. ஆப்பிள் 2012இல் தன் மேக் அங்காடிக்கு வரும் மென்பொருள்களை மணற்பெட்டிக்குள் அடைத்தது. அவற்றால் பயனரின் கோப்புகளைத் தாமாகத் தொட முடியாது. திறப்புச் சாளரத்தை இயங்குதளம் தனியே நடத்துகிறது. பயனர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கு மட்டும் மென்பொருளுக்கு வழி திறக்கிறது. வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுக்காமல், கேட்ட பொருளை மட்டும் வாசலில் எடுத்துத் தருவதுபோல. ஆண்ட்ராய்டு 2013இல் 4.4ஆம் பதிப்பில் இதே வழிக்கு வந்தது. லினக்ஸில் ஃபிளாட்பேக் என்ற முறையில் பொதிந்து வரும் மென்பொருள்கள் ஒரு வாயில் வழியாகக் கேட்டுப் பெறுகின்றன. உலாவிகள், கோப்பு எங்கே இருக்கிறது என்ற உண்மைப் பாதையை வலைத்தளத்துக்குச் சொல்வதே இல்லை. பழைய தளங்கள் ஏதாவது ஒரு பாதையை எதிர்பார்ப்பதால் பொய்யான ஒன்றை முன்னால் ஒட்டி, பெயரை மட்டும் மெய்யாகக் கொடுக்கின்றன. பாதை மறைந்து பெயர் மட்டும் மிஞ்சும் காலம் இது. அந்தப் பெயராவது பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன் குவீன்ஸ்டவுன் நூலகத்தில் ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். 1970 ஏப்ரல் 30 அன்று பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்த, இந்நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம் அது. அம்மையார் எழுபது வயதைத் தாண்டியவர். தங்ளின் ஹால்ட்டில் வாழ்ந்த நாள்களைச் சிறு சிறு கட்டுரைகளாக எழுதி வைத்திருந்தார். தம் மடிக்கணினியில் ஒரு மென்பொருளைக் கொண்டு அவற்றை ஒரே நூலாகத் தொகுக்க முயன்றுகொண்டிருந்தார். திறப்புச் சாளரத்தில் ‘கோயில் திருவிழா’ என்ற பெயர் அழகாகத் தெரிந்தது. சொடுக்கியதும், கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும் ஒரு பெயரைச் சொல்லி, அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது மென்பொருள்.

“கண்ணுக்கு முன்னாலதானே இருக்கு தம்பி, எப்படி இல்லைன்னு சொல்லுது?” என்றார்.

“பேரை இங்கிலீஷ் எழுத்துல மாத்திட்டா தொறந்துரும்மா.”

“எழுதினது தமிழ்ல. பேரு மட்டும் ஏன் இங்கிலீஷ்ல?”

அவர் கேட்டதற்குத் தொழில்நுட்பம் சார்ந்த பதில் உண்டு. விண்டோஸில் நிரலாளர் அழைக்கும் பணிகளுக்கு இரட்டை வடிவங்கள் இருக்கின்றன: யூனிகோடை அறிந்தது ஒன்று, அதற்கு முந்தைய எட்டு பிட் காலத்தது இன்னொன்று. பழைய வடிவம், கணினியின் வட்டார அமைப்புக்கு ஏற்ற ஒரு குறிப்பக்கத்தை வைத்து எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும். கிரேக்கத்துக்கும் அரபுக்கும் தாய் மொழிக்கும் அப்படிக் குறிப்பக்கங்கள் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. தமிழ் யூனிகோடின் வழியாகத்தான் உள்ளே வந்தது. ஆகவே பழைய வடிவத்தை அழைக்கும் எந்த மென்பொருளின் கையிலும் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச் சேரும். விண்டோஸில் கேள்விக்குறி, கோப்புப் பெயரில் இடம்பெறக் கூடாத குறிகளில் ஒன்று. எனவே அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கவே வழியில்லை. சாளரம் இயங்குதளத்தினுடையது என்பதால் அங்கே பெயர் சரியாகத் தெரிந்தது. அதை வாங்கிய கைதான் வாங்கத் தெரியாத கை. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், பழைய வடிவத்தையே யுடிஎஃப் 8 குறியேற்றத்தில் இயங்கச் செய்யலாம் என்றானது. நிரலாளர் தம் மென்பொருளின் அறிக்கைக் கோப்பில் ஒரு குறிப்பை எழுதிச் சேர்த்தால் போதும். தீர்வு அவ்வளவு எளியது. அதைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு, தமிழ்ப் பெயருள்ள ஒரு கோப்பை யாராவது ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும்.

நீளத்திலும் இதே கதை. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. யுடிஎஃப் 8இல் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட் எடுப்பதால் 85 குறியெண்கள்தான் கிடைக்கும். உயிர்மெய்யும் புள்ளி எழுத்தும் பெரும்பாலும் இரண்டு குறியெண்கள் என்பதால், கையில் கிடைப்பது சுமார் ஐம்பது எழுத்துகள். விண்டோஸில் சேமித்த நீண்ட தலைப்பு ஒன்று லினக்ஸுக்குப் போகும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று திருப்பப்படும். நீளத்தைக் குறைக்கச் சில மென்பொருள்கள் பைட் கணக்கில் வெட்டுகின்றன. அப்போது கடைசி எழுத்து நடுவில் முறிந்து, பெயரே செல்லாததாகிவிடும்.

வரிசைப்படுத்துவதும் ஒரு வேதனை. பள்ளியில் நாம் கற்ற நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள ற ன என்று வருகிறது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. றகரம் ரகரத்தின் பக்கத்தில், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால். புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்திய எண். மொழி விதியைக் கேட்காமல் வெறும் குறியெண்ணைக் கொண்டு அடுக்கினால், மலருக்கு முன்னால் மனோகர் வந்து நிற்பார். கண்ணனுக்கு முன்னால் கணபதி வருவார். அகராதியில் இரண்டும் நேர்மாறு. இயங்குதளத்தின் சாளரம் மொழி விதியைக் கேட்டு அடுக்கும் வாய்ப்பு அதிகம். நிரலாளர் தாமே வரைந்த பட்டியலில் பெரும்பாலும் அந்தக் கேள்வியே எழுவதில்லை. முப்பது மாணவர்களின் கட்டுரைகளைப் பெயர்வாரியாகத் தேடும் ஒரு தமிழாசிரியருக்கு இது எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆசிரியர்களைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2020இல் அறிவிக்கப்பட்ட தேசிய மின்னிலக்கத் தேர்ச்சித் திட்டத்தின்கீழ், 2021 முடிவதற்குள் சிங்கப்பூரின் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் சாதனம் கிடைத்தது. ஒரு பள்ளியில் குரோம்புக், இன்னொன்றில் ஐபேட், வேறொன்றில் விண்டோஸ் மடிக்கணினி. வீட்டில் அப்பாவின் கணினி வேறொன்றாக இருக்கலாம். ஒரு மாணவி ‘பொங்கல் கட்டுரை’ என்று பெயரிட்டுச் சேமிக்கும் கோப்பு, வகுப்புக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு மூன்று இயங்குதளங்களைக் கடந்துவிடும். எங்காவது ஓரிடத்தில் அது திறக்காமல் போனால், அடுத்த கட்டுரைக்கு அவள் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைப்பாள். அதற்கடுத்த ஆண்டு அவளுக்கு அது ஓர் இழப்பாகவே தோன்றாது. கோப்புகளின் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், உலகம் அப்படி அமைந்தது என்று எண்ணிக்கொள்வாள். 2011 முதல் ‘சிங்கப்பூர்’ என்ற தமிழ்ச் சொல்லே இணையக் களப் பெயராக இருக்கும் நாட்டில் அவள் அப்படி எண்ண நேர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழுக்காகத் தனி மென்பொருள் எழுதுபவர்கள் இந்தக் குறையைத் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள். எனக்குக் கவலை மற்றவர்களைப் பற்றி. குவீன்ஸ்டவுனின் ஒன் நார்த் கட்டடங்களிலும் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் உலகம் முழுமைக்குமான மென்பொருளை எழுதும் தமிழர்கள் ஏராளம். அவர்களின் சோதனைத் தொகுப்புகளில் இடைவெளி உள்ள பெயர் இருக்கும், பிரெஞ்சு எழுத்துகள் உள்ள பெயர் இருக்கும், சிலநேரம் சீனப் பெயரும் இருக்கும். ஐரோப்பிய எழுத்துகளை வைத்துச் சோதித்தால் பழைய குறிப்பக்கமே அவற்றைத் தாங்கிவிடும், பிழை வெளியே வராது. தமிழ்ப் பெயர் ஒன்று போதும், கேள்விக்குறிகள் அங்கேயே கொட்டும்.

அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சாளரத்தை நீங்கள் வரையாதீர்கள், இயங்குதளத்திடம் கேளுங்கள். அது தரும் பெயரை வெட்டவோ மாற்றவோ செய்யாதீர்கள். இரண்டு பெயர்களை ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கி ஒப்பிடுங்கள். லினக்ஸில் உங்கள் சோதனைக் கோப்புறையில் ‘நா. கோவிந்தசாமி’ என்ற பெயரில் இரண்டு கோப்புகளை வையுங்கள், ஒன்றில் ஓகாரக் குறி சேர்ந்தும் மற்றதில் உடைந்தும் இருக்கட்டும். எண்பத்தாறு குறியெண் நீளமுள்ள மூன்றாவது பெயரை விண்டோஸில் சேமித்து லினக்ஸுக்கு அனுப்பிப் பாருங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கதைக்கும் கணக்குக்கும் குழந்தையின் படத்துக்கும் தமிழிலேயே பெயர் வையுங்கள். ஒரு மென்பொருள் அதைத் திறக்க மறுத்தால், பெயரை மாற்றுவதற்கு முன் அதை எழுதியவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.